கொட்டிய மண்ணின் மேல் ஒரு கர்வம்

கிழக்கில் வாழ்கிறார்கள், மேற்கில் பிழைக்கிறார்கள் என்று எழுதிவிட்டார் மரீன் பரேட் நண்பர். எழுதியதோடு விடவில்லை, தேக்காவில் நாலு பேர் நடுவில் வாசித்தும் காட்டினார். கேட்டவர்கள் சிரித்தார்கள். நல்ல வாசகம்தான், நாக்கில் ஒட்டிக்கொள்கிறது. முழுக் கட்டுரையையும் படித்தபோதுதான் அந்த வரிக்குப் பின்னால் ஓர் அலட்சியம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

சிங்கப்பூர் இளவட்டங்கள் ‘ஈஸ்ட் சைட், பெஸ்ட் சைட்’ என்று சொல்லி ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வது பழைய விளையாட்டு. பாசிர் ரிஸ் பையனும் ஜூரோங் பையனும் அப்படிச் சண்டை போட்டுவிட்டு ஒரே ரயிலில் ஏறிப் போவார்கள். நண்பர் அந்த விளையாட்டைத் தத்துவமாக்கப் பார்க்கிறார். அவர் கணக்கில் கிழக்குக் கரை என்றால் தென்னை, சைக்கிள், கடற்காற்று, நண்டு. மேற்குக் கரை என்றால் புகை, பளுதூக்கி, லாரி, தலைவலி. ஒரே நாட்டின் இரு கரைகளில் இரண்டு நாகரிகங்கள் வளர்ந்ததற்கு நம் சோழமண்டலக் கரையையும் மலபார் கரையையும் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். போகிற போக்கில் குவீன்ஸ்டவுனையும் ஒரு தட்டு தட்டுகிறார்: கடலும் இல்லை, வரலாறும் இல்லை, கிழக்கிலிருந்து மேற்கே வேலைக்குப் போகிறவர்கள் ரயிலில் தூங்கிக்கொண்டே தாண்டிப் போகிற ஊராம் அது.

நான் அந்த ஊர்க்காரன். தூங்குகிறவர்களை எழுப்பாமல் விடலாம், கட்டுரை எழுதுகிறவரை அப்படி விட முடியாது.

முதலில் திசை. பேனாவை எடுப்பதற்கு முன் நண்பர் வரைபடத்தை ஒருமுறை பிரித்துப் பார்த்திருக்கலாம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா தீவின் தென்கிழக்கில் இருக்கிறது, வெஸ்ட் கோஸ்ட் பூங்கா தென்மேற்கில். இரண்டுமே தெற்கே சிங்கப்பூர் நீரிணையைப் பார்க்கும் கரைகள். அசல் கிழக்கு வேண்டுமென்றால் சாங்கி முனைக்குப் போக வேண்டும். அசல் மேற்கு வேண்டுமென்றால் துவாஸ் ஓரத்தில் ஜொகூரைப் பார்த்து நிற்க வேண்டும். இந்த இரண்டு முனைக்கும் நடுவே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிற தூரம்கூடத் தேறாது. இதற்குள் இரண்டு நாகரிகங்களைக் கண்டுபிடித்த நண்பரின் கண்பார்வையை மெச்சத்தான் வேண்டும்.

சோழமண்டலத்தையும் மலபாரையும் பிரித்து வைத்தது யாருடைய ரசனையும் இல்லை, மேற்குத் தொடர்ச்சி மலை. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தை முக்கி எடுக்கும்போது சென்னை காய்ந்து கிடக்கிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை தமிழ்க் கரையில் கொட்டுகிறது, அதை நம்பித்தான் அங்கே ஏரி நிறைகிறது. ஒரு பக்கம் அரபிக் கடல், மறுபக்கம் வங்கக் கடல். காவிரி மேற்கே குடகில் பிறந்தும் கிழக்கே வந்துதான் கழிமுகம் கட்டுகிறது. மலைக்கு அந்தப் பக்கத்து ஆறுகள் குறுகிய தூரம் ஓடி, வேகமாகக் கடலில் விழுகின்றன. நெல்லும் தேங்காயும், வீட்டுக் கூரையின் சாய்வும், படகின் அமைப்பும் இதிலிருந்துதான் வேறுபட்டன. கரைக்குக் கரை வாழ்க்கை மாறியது என்றால் அதற்கு இப்படி ஒரு பௌதிகக் காரணம் இருந்தது.

இங்கே நடுவில் நிற்கிற மலை புக்கிட் தீமா. உயரம் 163 மீட்டர். அது எந்தக் காற்றைத் தடுத்தது, எந்த மொழியைப் பிரித்தது என்று நண்பர்தான் சொல்ல வேண்டும். மழையில் ஒரு வித்தியாசம் இருப்பது உண்மை: தீவின் வடக்கிலும் மேற்கிலும் கொஞ்சம் கூடுதலாகப் பெய்யும், கிழக்கே போகப்போகக் குறையும். ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை விடியற்காலையில் ‘சுமத்ரா’ காற்று வரும் நாட்களில் எங்கள் மாடியில் நின்றால் அது தெரியும். மேற்கே வானம் சாம்பலாகும். பாசிர் பாஞ்சாங் பளுதூக்கிகள் ஒவ்வொன்றாக மறையும். பிறகு குளிர்ந்த காற்று, சன்னலெல்லாம் படபடக்கும், மழை. கொஞ்ச நேரத்தில் அதே மழை நண்பர் வீட்டு மூங்கில் கழியில் காயும் வேட்டியை நனைக்கப் போய்விடும். இரண்டு கரைக்கும் நடுவே நான் கண்ட பருவநிலை இடைவெளி அவ்வளவுதான்.

அடுத்தது, கட்டுரையில் ஏழெட்டு இடத்தில் வருகிற ‘இயற்கை அழகு’. இங்கேதான் நான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நண்பர் நிற்கிற தரையே இதில் அடங்கியிருக்கிறது.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா இயற்கை போட்ட கரை இல்லை. 1966இல் கிழக்குக் கரை நிலமீட்புப் பணி தொடங்கியது. ஏழு கட்டமாக, 1980களின் நடுப்பகுதிவரை அது நடந்தது. 1,500 ஹெக்டேருக்கும் மேல் கடல் தூர்ந்தது. பிடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளை வெட்டி, அந்தச் செம்மண்ணைக் கன்வேயர் பெல்ட்டில் ஏற்றிக் கொண்டுபோய்க் கடலில் கொட்டினார்கள். குன்றும் போயிற்று, கடலும் போயிற்று, நடுவில் ஒரு சமதளம் வந்தது. அலை அரித்துவிடாமல் இருக்கக் கல் தடுப்புகள் போட்டு, அவற்றுக்கு நடுவே மணல் தங்கும்படி வளைவு வளைவாகக் கரையை அமைத்தார்கள். நண்பர் வர்ணிக்கிற அந்த ‘இயற்கையான சிறு வளைகுடா’க்களை வரைந்தவர் ஒரு பொறியாளர். மரங்கள் நட்டு வளர்த்தவை. 1981இல் விமான நிலையத்துக்குப் போக விரைவுச்சாலை போட்டார்கள், பூங்கா அந்தச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே 15 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. நண்பர் கேட்கிற ‘அலையோசை’யில் பாதி கார் டயர் சத்தம் என்றால் கோபித்துக்கொள்வார், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

அவர் குடியிருக்கும் மரீன் பரேட்டுக்கு ஒரு பெருமை உண்டு. முழுக்க முழுக்க மீட்ட நிலத்தின்மேல் எழுந்த முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டை அது. அதாவது அவருடைய வரவேற்பறை இருக்கிற இடத்தில் அறுபது ஆண்டுகளுக்குமுன் மீன் நீந்தியது. காத்தோங் பழைய பணக்காரர்களின் பங்களாக்களுக்குப் பின்வாசல் படி நேரே கடலில் இறங்கியது. அலை மதிலில் வந்து மோதியது. இன்றைக்கு அந்த வாசலில் நின்றால் எதிரே நண்பருடைய புளோக் தெரியும். கிழக்கின் கடற்கரை வாழ்க்கை என்று அவர் உருகி உருகி எழுதுவது அந்தப் பங்களாக்காரர்களின் வாழ்க்கையை. அதை முடித்துவைத்த மண்ணின்மேல் உட்கார்ந்துகொண்டு அதை எழுதுகிறார்.

நிலமீட்பைக் குறை சொல்ல நான் வரவில்லை. அது இல்லாவிட்டால் இந்த நாடு இத்தனை பேரைத் தாங்காது. மேற்கிலும் கதை அதேதான்: ஜூரோங் சதுப்பை மேடாக்கியதும் குன்றை வெட்டிய மண்தான், ஏழு தீவுகளைச் சேர்த்துத் தைத்த ஜூரோங் தீவும் அப்படித்தான், வெஸ்ட் கோஸ்ட் பூங்காவும் அப்படித்தான். வித்தியாசம் ஒன்று: மேற்கத்திக்காரன் யாரும் அதை இயற்கை என்று சொல்லிக்கொண்டு கவிதை எழுதுவதில்லை.

உண்மையிலேயே இயற்கையான கரை ஒரு துண்டு பார்க்க வேண்டுமென்றால் நண்பர் வட்டப் பாதை ரயிலில் ஏறி எங்கள் பக்கம்தான் வரவேண்டும். லாப்ரடார். தீவின் பெருநிலத்தில் பொதுமக்கள் போய்ப் பார்க்கக்கூடிய பாறைச் செங்குத்துக் கடற்கரை அது ஒன்றுதான். 1951இல் இயற்கை வனப்பகுதியாக அறிவித்தார்கள், 1973இல் அந்தத் தகுதியைப் பறித்தார்கள், 2002இல் திரும்பக் கொடுத்தார்கள். நீர் வற்றும் நேரத்தில் பாறையடியில் கடற்புல் தலைகாட்டும். இன்னும் கொஞ்சம் தள்ளி, பாசிர் பாஞ்சாங் கொள்கலன் முனையத்துக்கும் ஜூரோங் தீவுக்கும் புக்கோம் எண்ணெய் ஆலைக்கும் நடுவில் சைரீன் பவளத்திட்டு கிடக்கிறது. மூன்று பக்கமும் தொழிற்சாலை, நடுவில் கடற்புல் வெளியும் உள்ளங்கை பெரிதான நட்சத்திர மீன்களும். மேற்கில் உயிரில்லை என்று எழுதுகிறவருக்கு அது கண்ணில் பட வாய்ப்பில்லை, அங்கே சைக்கிள் பாதை கிடையாது.

கடல் காட்சிக்கு வருவோம். பூங்காவில் சாய்ந்து உட்கார்ந்தால் அடிவானம்வரை கப்பல்கள் நிற்கும் அழகு நெஞ்சை அள்ளுகிறதாம். அள்ளும். இரவில் அந்த விளக்கு வரிசை எனக்கும் பிடிக்கும். ஆனால் அவை என்ன கப்பல்கள் என்று ஒரு நாளாவது யோசித்திருப்பாரா? அது நங்கூரமிடும் பகுதி. துறையில் இடம் கிடைக்கவும் எரிபொருள் நிரப்பவும் சாமான் ஏற்றவும் காத்திருக்கிற கப்பல்கள். சரக்கை இறக்க அவை போகிற இடம் மேற்கே, அவர் முகம் சுளிக்கிற பளுதூக்கிகளின் அடியில். 2024இல் சிங்கப்பூர்த் துறைமுகம் கையாண்ட சரக்கு, இருபதடிக் கொள்கலன் கணக்கில், 4 கோடியே 11 லட்சம். நண்பர் ரசிக்கிற காட்சி எங்கள் கரையின் காத்திருப்பு வரிசை. கடையை வையலாம், கடை வாசலில் நிற்கும் கூட்டத்தை மட்டும் அழகு என்று புகழலாம் என்பது என்ன நியாயமோ தெரியவில்லை.

இரண்டு கரை, இரண்டு உலகம் என்ற வாதத்துக்கு 2024 ஜூன் 14ஆம் தேதி கடலே பதில் சொல்லிவிட்டது. பாசிர் பாஞ்சாங் முனையத்தில் நின்றுகொண்டிருந்த ‘மரீன் ஹானர்’ என்ற எரிபொருள் கப்பல்மீது ‘வோக்ஸ் மேக்ஸிமா’ என்ற தூர்வாரும் கப்பல் வந்து மோதியது. ஏறக்குறைய 400 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. லாப்ரடார் பாறையில் படிந்தது, செந்தோசா மணலைக் கறுப்பாக்கியது. அதோடு நிற்காமல் நீரோட்டத்தோடு போய் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலும் ஏறியது. வாரக்கணக்கில் கடலில் யாரும் கால் வைக்கக்கூடாது என்று கயிறு கட்டினார்கள். முழு உடல் உறை போட்ட ஆட்கள் மண்வெட்டியால் மணலைச் சுரண்டிப் பை பையாகக் கட்டினார்கள். கிழக்குக்கு ஒரு கடல், மேற்குக்கு ஒரு கடல் என்று அந்த எண்ணெய்க்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மோதியது தூர்வாரும் கப்பல் என்பதையும் நண்பர் கவனிக்கட்டும். அவர் ஊரைப் போன்ற ஊர்களை உண்டாக்க மண் அள்ளுகிற வகைக் கப்பல் அது.

வரலாறு இல்லாத கரை என்கிறார். கோபம் வருகிற இடம் இதுதான்.

கெப்பல் துறைமுகத்தின் வாயிலில், லாப்ரடார் அருகே, ஒரு செங்குத்துப் பாறை இருந்தது. பதினான்காம் நூற்றாண்டுச் சீன மாலுமிகள் ‘டிராகன் பல் வாசல்’ என்று குறித்துவைத்த இடம் அந்தப் பக்கம்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கப்பல் போகிற வழியை அகலமாக்க 1848இல் அரசு நில அளவையாளர் ஜான் தாம்சன் அதை வெடிவைத்துத் தகர்த்தார். ராஃபிள்ஸ் வருவதற்கு ஐந்நூறு ஆண்டு முந்தைய அடையாளம் இருந்த கரை எது என்று நண்பர் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இப்போது அங்கே நிற்பது மாதிரிப் பாறை.

1942 பிப்ரவரி 13, 14. ஜப்பானியப் படை பாசிர் பாஞ்சாங் மேட்டு வரிசையில் ஏறி வந்தது. எதிர்த்து நின்றது மலாய்ப் படைப்பிரிவு. பஞ்சாபிச் சிப்பாய்கள்போல வேடம் போட்டு ஒரு கூட்டம் நெருங்கியதாகவும், பிரிட்டிஷ் முறைப்படி மூவர் மூவராக நடக்காமல் நால்வர் நால்வராக நடந்ததை வைத்து லெஃப்டினண்ட் அட்னான் சைடியின் ஆட்கள் கண்டுகொண்டதாகவும் சொல்வார்கள். புக்கிட் சண்டுவில் கைகலப்புவரை போயிற்று. அட்னானைப் பிடித்துக் கொன்றார்கள். அந்த மேட்டிலிருந்து இறங்கிய படை அதே நாள் அலெக்சாண்டிரா மருத்துவமனைக்குள் புகுந்தது. அறுவை மேசையில் கிடந்தவரையும் விடவில்லை. நோயாளிகளும் மருத்துவர்களும் ஊழியர்களுமாக இருநூறு பேர் அளவுக்கு மறுநாளுக்குள் செத்தார்கள். அந்த மருத்துவமனை இன்றும் குவீன்ஸ்டவுனில் நடந்துகொண்டிருக்கிறது, நண்பர் தூங்கிக்கொண்டே தாண்டுவதாகச் சொன்ன ஊரில்.

சாங்கியிலும் அந்த ஆண்டு கடற்கரையில் கொலை நடந்தது, சீனர்களை வரிசையாக நிற்கவைத்துச் சுட்டார்கள். நண்பரின் கட்டுரையில் அதுவும் இல்லை. கிழக்கின் வரலாறே தெரியாதவருக்கு மேற்கின் வரலாறு தெரியவில்லை என்று நான் வருந்துவது வீண்.

குவீன்ஸ்டவுனுக்குக் கடலே இல்லை என்பதற்கு ஒரு சின்னத் திருத்தம். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் திட்டப் பகுதி வரைபடத்தில் குவீன்ஸ்டவுன் என்பது மார்கரெட் டிரைவும் காமன்வெல்த்தும் டாங்ளின் ஹால்ட்டும் மட்டுமில்லை. கெண்ட் ரிஜ் அதில் அடக்கம், பாசிர் பாஞ்சாங்கின் இரண்டு வட்டாரங்கள் அடக்கம், ‘துறைமுகம்’ என்றே பெயர் வைத்த ஒரு வட்டாரமும் அடக்கம். எங்கள் ஊரின் தெற்கெல்லை உப்புத் தண்ணீரில் இருக்கிறது. வேலி போட்டிருப்பதால் காலை நனைக்க முடியாது, அது வேறு விஷயம்.

1953இல் இரண்டாம் எலிசபெத் முடிசூடிய ஆண்டில் அந்த அரசியின் பெயரால் எழுந்த ஊர் இது. நாட்டின் முதல் துணைநகரம். வீவக பிறந்த 1960இல் கட்டி முடித்த முதல் புளோக்குகள் ஸ்டர்லிங் சாலையில் இன்னும் நிற்கின்றன. முதல் கிளை நூலகம் 1970இல் இங்கேதான் திறந்தது. நண்பரின் மரீன் பரேட் அப்போது ஈரம் காயாத மண்.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் நான் வாலைச் சுருட்டிக்கொள்கிறேன். கிழக்கில் நன்றாகச் சாப்பிடுகிறார்கள். காத்தோங் லக்சாவுக்கு எங்களிடம் பதில் கிடையாது, ஈஸ்ட் கோஸ்ட் லகூன் உணவங்காடி நிலையத்தில் சாயங்காலம் சாத்தே புகை எழும்போது எனக்கும் மேற்கு மறந்துபோகும். சைக்கிள் விடவும் குழந்தைகளை அவிழ்த்துவிடவும் அந்தப் பூங்காவுக்கு ஈடில்லை. ஞாயிற்றுக்கிழமை கூடாரம் போட்டு, பெரிய அண்டாவில் பிரியாணியோடு பிறந்தநாள் கொண்டாடுகிற தமிழ்க் குடும்பங்களைப் பார்த்தால் மனசு நிறைகிறது. ஜூரோங் பக்கம் சில நாள் காற்றில் ரசாயன நெடி வருவதும் நிஜம். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கிழக்கில் சாப்பிடுகிற மீன் எங்கிருந்து வந்தது? வடக்கே செனோகோ மீன்பிடித் துறைமுகத்தை 2024 மார்ச்சில் மூடிவிட்டார்கள். ஏலம், மொத்த வியாபாரம் எல்லாம் இப்போது ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்தில். நள்ளிரவுக்குப்பின் அங்கே போனால் தரையெல்லாம் பனிக்கட்டித் தண்ணீர், ரப்பர் பூட்ஸ் போட்ட ஆட்கள் இரும்புக் கொக்கியால் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். வெங்காயமும் தக்காளியும் கீரையும் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்திலிருந்து கிளம்பித்தான் சிராங்கூன் சாலைக் கடைக்கும் நண்பர் வீட்டுச் சாம்பாருக்கும் போகின்றன. பிழைக்கிறவர்கள் ஒரு வாரம் பிழைக்காமல் இருந்தால், வாழ்கிறவர்கள் என்ன சாப்பிடுவார்கள்?

போக்குவரத்து வசதியில் கிழக்குதான் முன்னே என்ற வரிக்குச் சிரிக்கத்தான் முடிந்தது. பாசிர் பாஞ்சாங்குக்கும் லாப்ரடாருக்கும் ஹாவ் பார் வில்லாவுக்கும் எம்ஆர்டி வந்தது 2011 அக்டோபரில். மரீன் பரேட்டுக்கு வந்தது 2024 ஜூனில். நடுவில் போன பதின்மூன்று வருஷம் நண்பர் பஸ்ஸில்தான் போய்வந்தார். வசதி குறைந்த ஊர் என்று நண்பர் பரிதாபப்படும் குவீன்ஸ்டவுனில் பழைய வீவக வீடுகள் பத்து லட்சம் வெள்ளிக்கு மேல் கைமாறுவது இப்போது செய்தியே இல்லை. அது எனக்குப் பெருமையும் இல்லை. பிள்ளைகளுக்கு இதே பேட்டையில் வீடு வாங்கித் தர முடியாத பெற்றோர் இங்கே நிறைய.

இதெல்லாம் உள்ளூர்ச் சண்டை, போகட்டும். ஒரு தமிழர், தமிழில், தமிழர்களுக்காக எழுதிய கட்டுரை அது. அதில் தமிழர் வாழ்க்கையை எடைபோட்ட விதம்தான் என்னை எழுத வைத்தது.

கிழக்கில் தமிழர் பண்பாடு தழைத்ததற்குச் சான்றாக அவர் காட்டுவது காத்தோங் சிலோன் ரோட்டில் உள்ள ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயத்தை. யாழ்ப்பாணத் தமிழர்கள் பேணி வளர்த்த கோயில் அது. அதன்மேல் எனக்கு மதிப்பு உண்டு. மேற்கில் அப்படி ஒன்றும் இல்லையாம், கூலிக்காரர்கள் வந்தார்கள், போனார்கள் என்று ஒரே வரியில் கடக்கிறார்.

வந்தவர்கள் சும்மா போகவில்லை. ரயில்பாதைத் தொழிலாளர்கள் 1932இல் குவீன்ஸ்வே பக்கம் தண்டவாளத்தோரம் முனீஸ்வரனை வைத்துக் கும்பிட்டார்கள். முதலில் சின்னக் கொட்டகை, பிறகு கட்டடம். சாலையை அகலப்படுத்த இடம் தேவைப்பட்டபோது 1998இல் காமன்வெல்த் டிரைவுக்குக் கோயிலே பெயர்ந்து வந்தது. ரயில் 2011 ஜூன் 30 இரவோடு நின்றுவிட்டது, கடைசி வண்டியை ஜொகூர் சுல்தானே ஓட்டிப் போனார். தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், அது போன வழி இன்று பசுமை நடைபாதை. டாங்ளின் ஹால்ட்டின் பத்து மாடிக் கட்டடங்களுக்கும் மறுமேம்பாட்டு அறிவிப்பு 2014இல் வந்து, குடியிருந்தவர்கள் பெயர்ந்து போனார்கள். முனீஸ்வரன் இருக்கிறார். அலெக்சாண்டிரா செங்கல் சூளையில் வெந்த தமிழர்கள் 1913இல் அதே வளாகத்தில் வைத்த காளியம்மன், இன்று டெப்போ சாலையில் ஸ்ரீ ருத்ர காளியம்மனாக இருக்கிறாள். இந்த ஊரின் சுவர்களுக்குச் செங்கல் அறுத்தவர்களின் குலதெய்வம் அவள். படித்த எழுத்தர்கள் கும்பிட்டால் பண்பாடு, சூளைக்காரர்கள் கும்பிட்டால் பிழைப்பு என்று நண்பர் பிரிக்கிற இந்தத் தராசு நமக்குப் புதிதில்லை. ஊரில் இதற்கு வேறு பெயர் உண்டு. கடல் தாண்டி வந்தும் அது கூடவே வந்திருக்கிறது.

போன நூற்றாண்டுக் கதை வேண்டாமென்றால் இன்றைக்கு வருவோம். துவாஸ், ஜூரோங் பக்கத்துத் தங்குவிடுதிகளில் எத்தனை தமிழர்கள் படுத்தெழுகிறார்கள் என்று நண்பருக்குத் தெரியாமல் இருக்காது. புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர், இராமநாதபுரம். ஊரில் நகையை அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு வந்தவர்கள். ஓர் அறைக்குள் இரண்டடுக்குக் கட்டில்கள், கட்டில் காலில் கட்டிய கயிற்றில் காயும் கைலி, தலைமாட்டில் சார்ஜரில் கிடக்கும் போன், அதில் மனைவி முகம். காலை இருட்டில் லாரியின் பின்தட்டில் ஏறி உட்கார்வார்கள். ஆயர் ராஜா விரைவுச்சாலையில் அந்த லாரிகள் எங்கள் பேட்டையைத் தாண்டிப் போகும்போது, தலைக்கவசத்தை மடியில் வைத்து முழங்காலில் முகம் புதைத்துத் தூங்குகிறவர்களைப் பார்க்கலாம். தூங்கிக்கொண்டே குவீன்ஸ்டவுனைத் தாண்டுகிறவர்கள் உண்டு என்றால் அவர்கள்தான். 2020இல் தொற்று வந்தபோது நாமெல்லாம் வீட்டு பால்கனியில் நின்று கைதட்டினோம், அவர்கள் மாதக்கணக்கில் அந்த அறைகளைவிட்டு வெளியே வர முடியாமல் கிடந்தார்கள்.

அவர்களுக்கு வாழ்க்கை இல்லையா? ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைப் பக்கம் புல்வெளியில் வட்டம் போட்டு உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்களே, அது என்ன? பணம் அனுப்பும் கடை வரிசையில் நின்றுகொண்டே தங்கை கல்யாணத்துக்குத் தேதி குறிக்கிறார்களே, அது? தொழிற்பேட்டை லாரிக்குள் கவிதை எழுதி, போட்டிகளில் பரிசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நண்பர் அந்தக் கவிதைகளுக்குக் கைதட்டியதை நானே பார்த்திருக்கிறேன். மேடையில் தட்டிவிட்டு, மேசையில் உட்கார்ந்ததும் அவர்களைப் ‘பிழைக்கிறவர்கள்’ பட்டியலில் தள்ள எப்படி மனசு வந்தது?

அவருடைய அளவுகோலில் வாழ்வது என்றால் உட்கார்ந்து பார்ப்பது. பார்க்கப்படுகிற பொருளைச் செய்கிறவன் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. கடற்கரையைக் கொட்டியவன், கப்பலை இறக்கியவன், மீன்பெட்டியை இழுத்தவன் எல்லாரும் காட்சிக்கு வெளியே. கட்டுரையின் கோளாறு அழகியலில் இல்லை, இந்தக் கணக்கில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இரு கரைகளும் என்றைக்கும் இப்படியே இருக்கும் என்ற நம்பிக்கையில் நண்பர் எழுதுகிறார். துவாஸ் துறைமுகம் 2022 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகத் திறந்தாயிற்று. தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி முனையங்கள் 2027க்குள் அங்கே மாறுகின்றன. பாசிர் பாஞ்சாங் முனையமும் 2040களில் போகிறது. அப்போது அவர் வெறுக்கிற பளுதூக்கிகள் எங்கள் கரையில் இருக்காது, வேலியும் இருக்காது. அவர் பக்கம் என்ன நடக்கும்? இந்தத் தீவில் நூற்றுக்கு முப்பது பங்கு நிலம் கடல் மட்டத்திலிருந்து ஐந்து மீட்டருக்கும் தாழ்வாகக் கிடக்கிறது, கிழக்குக் கரை அதில் முன்வரிசை. அதனால் ‘லாங் ஐலண்ட்’ திட்டத்தை 2023 நவம்பரில் அறிவித்தார்கள். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்கு எதிரே கடலில் இன்னும் ஏறத்தாழ 800 ஹெக்டேர் நிலம் மீட்கப் போகிறார்கள், மரினா பேயைப்போல இரண்டு மடங்கு. புது நிலத்துக்கும் பழைய கரைக்கும் நடுவே நன்னீர்த் தேக்கம். நண்பரின் கடற்கரை ஏரிக்கரையாகிவிடும். காத்தோங் பங்களாக்காரருக்கு நேர்ந்தது அவருக்கும் நேரும். புதுத் தீவில் குடியேறுகிற யாரோ ஒருவர் அங்கே உட்கார்ந்து இயற்கை அழகைப் பற்றி எழுதத் தொடங்குவார்.

அந்த மண்ணைக் கொட்டி, அணை கட்டி, மரம் நடப் போகிறவர்களில் நம் ஊர்ப் பையன்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களை வேலையிடத்துக்கு லாரியின் பின்தட்டில் ஏற்றிப்போவது, சில நிபந்தனைகளோடு, இன்றும் இங்கே சட்டப்படி செல்லும். அடுத்த கட்டுரைக்கு நண்பர் பொருள் தேடுகிறாரென்றால், கரைகளை விட்டுவிட்டு அதைப் பற்றி எழுதட்டும்.